கைபேசி வழியே கூடுதல் வருமானம்: ஏமாந்ததும் கற்றதும்



நம்ம மாதக் கூட்டத்தில் ஒரு வருஷமாக ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "ஆன்லைன்ல சம்பாதிக்கலாம்ங்கிறாங்களே, நமக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, இங்கிலீஷ் தெரியாது, நம்மளால ஆகுமா?" போன கூட்டத்தில் ஒரு தம்பி எழுந்து, "அண்ணே, நீங்க அரிசி விக்கிறீங்கல்ல, அதை விவரமா எழுதுங்க" என்றார். அதனால்தான் இந்தக் கட்டுரை.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆகும். நான் பத்தாவது வரை படித்தவன். மன்னார்குடி பக்கம் 12 மா நிலம், அதாவது நாலு ஏக்கர். என்னால் முடிந்தது. ஆனால் கைபேசி தானாகப் பணம் காய்க்கிற மரம் இல்லை. நம் களத்தில் இருக்கிற பொருளுக்கும் அதைச் சாப்பிடப் போகிற வீட்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை அது குறைக்கிறது, அவ்வளவுதான். இது புரிவதற்கு முன்னால் நான் ஒரு பெரிய அடி வாங்கினேன். அதே தூண்டில் உங்கள் கைபேசிக்கும் வந்திருக்கலாம் என்பதால் அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் ஏமாந்த கதை

மூன்று வருஷத்துக்கு முன்னால், புரட்டாசி கடைசி. சம்பா நடவுக்கு ஆள் சொல்லியாச்சு. நடவுக் கூலிக்காக வீட்டு நகையை அடகு வைத்து எடுத்த பணம் கணக்கில் இருந்தது. அந்த நேரம் பார்த்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. "வீட்டிலிருந்தே வேலை. படிப்பு தேவையில்லை. தினம் 2,000 முதல் 5,000 வரை."

என்ன வேலை என்று கேட்டேன். அவர்கள் அனுப்புகிற வீடியோவுக்கு லைக் போட்டு, அதைப் படம் பிடித்து அனுப்பணுமாம். ஒன்றுக்கு 50 ரூபாய். மூன்று வீடியோ செய்தேன். நிஜமாகவே 150 ரூபாய் கணக்கில் ஏறிவிட்டது. இராத்திரி தூக்கம் வரவில்லை. 'வயல்ல ஒரு நாள் முழுக்கக் குனிஞ்சாலும் மிஞ்சாதது இங்க அஞ்சு நிமிஷத்துல வருதே' என்று மனசு கணக்குப் போட்டது.

மறுநாள் ஒரு குழுவில் சேர்த்தார்கள். அங்கே ஆளுக்கு ஆள் "எனக்கு 8,000 வந்தது", "எனக்கு 20,000 வந்தது" என்று போட்டுக்கொண்டே இருந்தார்கள். அத்தனை பேரும் அவர்கள் ஆட்கள்தான் என்று அப்போது தெரியாது. முன்பணம் கட்டிச் செய்கிற வேலை என்று ஒன்று கொடுத்தார்கள். 1,000 கட்டினேன். சாயங்காலம் 1,300 வந்தது. அடுத்து 5,000 கட்டினேன். அது 6,500 ஆகிவிட்டதாக அவர்கள் பக்கத்தில் எண் மட்டும் தெரிந்தது. எடுக்கப் போனால், "அடுத்த சுற்று முடித்தால்தான் எடுக்கலாம், 12,500 கட்டுங்க" என்றார்கள். கட்டினேன். எண் இன்னும் பெரிதாகியது. எடுக்கப் போனால், "வரி 9,000 கட்டணும்."

அப்போதுதான் லீவுக்கு வந்திருந்த மகள் கைபேசியை வாங்கிப் பார்த்தாள். "அப்பா, இது களவாணிப் பசங்க வேலைப்பா" என்றாள். கட்டியது 18,500. வந்தது 1,450. போனது 17,050 ரூபாய். அது எனக்கு எட்டு ஒன்பது மாவுக்கு நடவுக் கூலி. நடவுப் பெண்களுக்குக் கைமாற்று வாங்கித்தான் கூலி கொடுத்தேன். மனைவி திட்டவில்லை. மூன்று நாள் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இதில் இன்னொரு தப்பும் செய்தேன். வெட்கப்பட்டுக்கொண்டு நாலு நாள் யாரிடமும் சொல்லவில்லை. அதற்கப்புறம்தான் 1930க்குப் போன் செய்தேன். இணைய மோசடிக்கென்றே உள்ள தேசிய உதவி எண் அது. பணம் போன உடனே கூப்பிட்டால், அது அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. நாலு நாளில் அது எங்கெங்கோ போய்விட்டது. இந்த எண்ணை வீட்டுச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். ஏமாந்தவர் வெட்கப்பட ஒன்றுமில்லை. தாமதம்தான் திருடனுக்கு உதவி.

பழைய தூண்டில், புதுப் புழு

பிறகு யோசித்தால் இது நமக்குப் புதிதே இல்லை. ஈமு கோழிக் காலத்தை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். முதலில் சேர்ந்தவருக்கு மாதாமாதம் சரியாகப் பணம் வரும். அதைப் பார்த்து ஊரே சேரும். பிறகு ஒரு நாள் கதவு பூட்டியிருக்கும். முதலில் கொஞ்சம் கொடுத்து ருசி காட்டுவதுதான் தந்திரம். எனக்கு அந்த 150 ரூபாய் புழு.

அடையாளம் கண்டுகொள்ள மூன்று கேள்வி போதும்.

வேலை கொடுக்கிறவன் என்னிடமே பணம் கேட்கிறானா? கேட்டால் அது வேலை இல்லை. நாம் நடவுக்குக் கூப்பிடுகிற ஆளிடம் முன்பணம் வாங்குகிறோமா?

நான் செய்கிற வேலையால் யாருக்கு என்ன பயன்? ஒருவர் அரிசி வாங்கினால் சோறு ஆகிறது. நான் லைக் போட்டதால் யாருக்கு வயிறு நிறைந்தது? பதில் தெரியாத வேலைக்கு எவனும் சும்மா பணம் தரமாட்டான்.

அவசரப்படுத்துகிறானா? "இன்னும் பத்து நிமிஷத்தில் கட்டணும்" என்றால் கைபேசியைக் கீழே வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுங்கள்.

வழி திறந்தது எப்படி

அந்த வருஷம் தை அறுவடையில் தூயமல்லி வந்தது. வியாபாரி கிலோ 32 ரூபாய்க்குக் கேட்டார். அதே வாரம் சென்னையில் படிக்கிற மகளின் தோழி வீட்டில், "உங்க வீட்டு அரிசி ஒரு பத்து கிலோ கிடைக்குமா?" என்று கேட்டார்கள். மில்லில் ஒரே பாலிஷ் போட்டு, துணிப்பையில் கட்டி, மகளிடமே ரயிலில் கொடுத்தனுப்பினேன். அந்த அம்மா சமைத்துப் பார்த்துவிட்டு, அவர்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் நாலு வரி எழுதினார்கள். ஒரு வாரத்தில் ஏழு வீடுகள் கேட்டன.

இதில் என் சாமர்த்தியம் எதுவுமில்லை. அரிசி நன்றாக இருந்தது, ஒருவர் இன்னொருவருக்குச் சொன்னார். ஆதிரெங்கத்தில் 'நெல்' ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ விதைநெல் வாங்கியவர் அடுத்த வருஷம் 4 கிலோ திருப்பித் தரவேண்டும் என்பது ஏற்பாடு. அந்த நம்பிக்கையில்தான் எத்தனையோ ரகங்கள் ஊர் ஊராகப் பரவின. இணையத்தில் நாம் செய்யவேண்டியதும் அதே நம்பிக்கையை வளர்ப்பதுதான்.

கணக்கு பார்ப்போம்

"நேரடியா வித்தா ரெட்டை லாபம்" என்று மேடையில் பேசுவது சுலபம். என் நோட்டில் உள்ளதைச் சொல்கிறேன். இது என் ஊர்க் கணக்கு. உங்கள் மில் கூலி, உங்கள் ரகத்தின் விலையைப் போட்டு நீங்களே பாருங்கள்.

100 கிலோ தூயமல்லி நெல்லை வியாபாரிக்குக் கொடுத்தால் 3,200 ரூபாய். அதையே அரைத்தால் எனக்கு 60 கிலோ அரிசி கிடைக்கிறது. கிலோ 85 என்று விற்றால் 5,100. இதில் மில் கூலி 400, வண்டி 100, புடைத்துக் கல் பொறுக்கக் கூலி 150, பையும் சீட்டும் 180 கழியும். சேதாரத்துக்கும், குறை சொன்னவருக்கு மாற்றிக் கொடுக்கவும் 3 கிலோ, அதாவது 255 கழியும். ஆக மொத்தச் செலவு 1,085. கையில் நிற்பது 4,015. வியாபாரி விலையைவிட 815 ரூபாய் கூடுதல். பார்சல் செலவு வாங்குபவருடையது. தவிடும் குருணையும் மாட்டுக்கும் கோழிக்கும் போயிற்று, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. என் உழைப்பையும் மனைவி உழைப்பையும்கூடச் சேர்க்கவில்லை.

முதல் வருஷம் 20 மூட்டை மட்டும் ஒதுக்கினேன். எங்கள் பக்கம் மூட்டை 60 கிலோ. அதாவது 1,200 கிலோ நெல். கூடுதலாகக் கிடைத்தது 9,780 ரூபாய். மிச்ச நெல்லை வழக்கம்போல வியாபாரிக்கே கொடுத்தேன். தொலைத்த 17,050 திரும்ப வர இரண்டாவது வருஷமும் ஆனது. ஆனால் இந்தப் பணம் நிஜப் பணம். யாரும் பூட்டிவிட்டு ஓட முடியாது.

முதல் வருஷமே எல்லா நெல்லையும் நிறுத்தி வைக்காதீர்கள். நாலில் ஒரு பங்கு போதும். விற்காமல் போனாலும் வீட்டுச் சாப்பாட்டுக்கு ஆகும்.

தெரிந்திருக்க வேண்டியது ஐந்துதான்

ஒன்று, படம் எடுப்பது. காலை வெயில் ஏறுவதற்கு முன் எடுத்தால் படம் நன்றாக விழும். கைபேசிக் கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்துவிட்டு எடுங்கள். இணையத்தில் இருந்து அழகான வயல் படத்தை எடுத்துப் போடாதீர்கள். உங்கள் களம், உங்கள் மாடு, உங்கள் வீட்டு முறம் போதும். அரிசியைக் கையில் அள்ளிக் காட்டுங்கள். குருணை இருந்தால் அதுவும் தெரியட்டும். பார்த்து வாங்கினவர் பிறகு குறை சொல்வதில்லை.

இரண்டு, பேசி எழுதுவது. தட்டச்சு தெரியாது என்பது இப்போது ஒரு தடையே இல்லை. கைபேசியில் எழுத்துப் பலகை வரும்போது அதில் சின்னதாக மைக் படம் இருக்கும். மொழியைத் தமிழ் என்று வைத்துவிட்டு அதை அமுக்கிப் பேசினால், பேசியது எழுத்தாக விழும். சில சொற்கள் தப்பாக விழும், அனுப்பும் முன் ஒரு தடவை படித்துப் பாருங்கள். என் முதல் செய்தியில் 'தூயமல்லி' என்பது 'தூய மல்லிகை' ஆகி, ஒருவர் பூ விலை கேட்டார்.

மூன்று, வாட்ஸ்அப் பிசினஸ். இது இலவசச் செயலி. சாதாரண வாட்ஸ்அப் போலத்தான். கூடுதலாக, உங்கள் பொருள், படம், விலையை ஒரு பட்டியலாக வைத்துவிடலாம். யாராவது கேட்டால் அந்தப் பட்டியலை அனுப்பினால் போதும், பத்து தடவை பேச வேண்டாம். வயலில் இருக்கும்போது செய்தி வந்தால், "வயலில் இருக்கிறேன், மாலை பதில் சொல்கிறேன்" என்று தானாகப் போகிற மாதிரியும் வைக்கலாம். வீட்டு எண்ணுக்கும் விற்பனைக்கும் தனித்தனி எண் இருந்தால் நல்லது.

நான்கு, பிராட்காஸ்ட் லிஸ்ட். எல்லோரையும் ஒரே குழுவில் போட்டால் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியும், காலை வணக்கப் படங்களும் குவியும். பிராட்காஸ்ட் என்றால் நீங்கள் ஒரு தடவை அனுப்பியது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஒரு விஷயம் முக்கியம்: உங்கள் எண்ணை அவர் தன் கைபேசியில் சேமித்திருந்தால்தான் அது போய்ச் சேரும். அதனால் ஒவ்வொரு பையிலும், "எங்கள் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு சீட்டுப் போடுகிறேன். மாதம் இரண்டு செய்திக்கு மேல் அனுப்புவதில்லை. தினம் அனுப்பினால் நாமும் தொல்லைதான்.

ஐந்து, பணம் வாங்குவது. யுபிஐ வைத்திருக்கிற எவருக்கும் மனப்பாடமாகவேண்டிய விதி இது: பணம் வாங்க ரகசிய எண் தேவையில்லை. கொடுக்கத்தான் தேவை. போன வருஷம் ஒருவன் ராணுவத்தில் இருந்து பேசுவதாகச் சொல்லி, விலைகூடப் பேசாமல் 200 கிலோ கேட்டான். சீருடைப் படம், அடையாள அட்டை எல்லாம் அனுப்பினான். பிறகு ஒரு க்யூஆர் கோடு அனுப்பி, "இதை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க அண்ணே, முன்பணம் உங்களுக்கு வந்துரும்" என்றான். ஸ்கேன் செய்து ரகசிய எண் போட்டால் என் பணம் அவனுக்குப் போகும். "தம்பி, என் நம்பருக்கு நேரா அனுப்புங்க, வந்ததும் நெல்லை மில்லுக்கு அனுப்பறேன்" என்றேன். கத்தினான். வைத்துவிட்டேன். அந்தப் பழைய 17,050 ரூபாய் அன்றைக்குத்தான் கொஞ்சம் வேலை செய்தது.

இன்னும் இரண்டு பழக்கம். பணம் அனுப்பியதாக வருகிற படத்தை நம்பாமல், உங்கள் வங்கிக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். விற்பனைக்கென்று தனிக் கணக்கு வைத்து, அதில் சேர்வதை அவ்வப்போது வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். நகைக்கடன் பணமும் நடவுப் பணமும் இந்தக் கைபேசிக் கணக்கில் இருக்கவே கூடாது.

மாதம் ஒரு சுற்று

பட்டை தீட்டாத, தவிடு ஒட்டியிருக்கிற அரிசி சீக்கிரம் வண்டு பிடிக்கும். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் நாளானால் சிக்கு வாடையும் வரும். நெல்லாக இருந்தால் அந்தக் கவலை இல்லை, நன்றாகக் காய்ந்திருந்தால் மாதக்கணக்கில் கிடக்கும். அதனால் நான் அரைத்து வைத்து விற்பதில்லை. விற்றுவிட்டு அரைக்கிறேன்.

மாதம் முதல் தேதி ஒரு செய்தி போகும். 7ஆம் தேதி வரை கேட்பவர்களை நோட்டில் எழுதுவோம். பெயர், ரகம், எத்தனை கிலோ, பணம் வந்ததா என்று நாலே பத்தி. அதை மனைவிதான் எழுதுகிறாள், என்னைவிடக் கணக்கில் கெட்டி. 8ஆம் தேதி நெல் மில்லுக்குப் போகும். இரண்டு நாள் புடைத்துச் சுத்தம் செய்து கட்டுவோம். 12ஆம் தேதி பார்சல் கிளம்பும்.

பார்சலில்தான் புதியவர்கள் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். ஒரு வீட்டுக்கு 5 கிலோ அரிசியைக் கூரியரில் அனுப்பினால் சில சமயம் கட்டணமே அரிசி விலையில் பாதி ஆகிவிடும். யாரும் இரண்டாவது தடவை வாங்கமாட்டார்கள். அதற்கு நான் கண்ட வழி, ஒரு பகுதிக்கு ஒரு வீடு. ஒரு குடியிருப்பில் ஐந்தாறு பேர் சேர்ந்தால், 25 கிலோ, 50 கிலோவாகக் கட்டி லாரி பார்சலில் ஒரே முகவரிக்கு அனுப்புகிறேன். மற்றவர்கள் அங்கே போய் எடுத்துக்கொள்கிறார்கள். பொறுப்பேற்கிற வீட்டுக்கு இரண்டு கிலோ அரிசி அன்பளிப்பு. பெயர் எழுதிய பை தனித்தனியாக உள்ளே இருக்கும், வெளியே ஒரு சாக்கு.

எடை குறைந்து விலை கூடிய பொருள்தான் தபாலில் சுலபமாகப் பயணம் செய்யும். காய்கறி விதை, மஞ்சள் தூள், முருங்கை இலைப் பொடி, நாட்டு மருந்துச் சரக்கு இதெல்லாம் அப்படி. அரை ஏக்கர் வைத்திருக்கிற சகோதரிகளுக்கு அரிசியைவிட இது பொருத்தம். விதையைப் பற்றி ஒரு பயம் இருக்கிறது. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டப்படி, உழவர் தன் விதையைச் சேமிக்கவும் பரிமாறவும் விற்கவும் உரிமை உண்டு. வணிகப் பெயரிட்ட விதையாக மட்டும் விற்கக் கூடாது.

தாளில் செய்யவேண்டியவை

உழவர் தன் நிலத்தில் விளைவித்ததை நிலத்து அளவில் அப்படியே விற்பதற்கு உணவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. ஆனால் அரைத்து, ஆட்டி, பொடித்து, பையில் அடைத்து விற்கத் தொடங்கினால் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு எடுத்துக்கொள்வது அவசியம். நான் எடுத்தபோது ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு எளிய பதிவுதான், வருஷத்துக்கு 100 ரூபாய் கட்டணம். அந்த 14 இலக்க எண்ணைப் பையில் போடவேண்டும். விண்ணப்பிக்கும்போது அரசுத் தளமா என்று முகவரியின் கடைசியைப் பாருங்கள். 'ஜிஓவி டாட் இன்' என்று முடியவேண்டும். தெரியாவிட்டால் படித்த பிள்ளைகளை வைத்துச் செய்யுங்கள்.

பையில் பொருளின் பெயர், நிகர எடை, விலை, கட்டிய தேதி, உங்கள் பெயர், முகவரி, தொடர்பு எண் இருக்கட்டும். இது சட்டத்துக்கும் நல்லது, வாங்குபவருக்கும் நல்லது.

'இயற்கை விளைபொருள்' என்று சொல்லி நேரடியாக விற்கிற சிறு உற்பத்தியாளருக்குச் சான்றிதழ் கட்டாயத்தில் இருந்து விலக்கு உண்டு. ஆனால் சான்று இல்லாமல் ஜைவிக் பாரத் முத்திரையைப் போடக் கூடாது. ஊரில் குறைந்தது ஐந்து உழவர்கள் சேர்ந்தால் பிஜிஎஸ் குழு அமைக்கலாம். ஒருவர் வயலை மற்றவர் பார்த்துச் சான்று தருகிற முறை அது. நாங்கள் அதில்தான் இருக்கிறோம். தாளைவிட, பக்கத்து வயல்காரன் கண் நம்மை நேராக வைத்திருக்கிறது.

ஜிஎஸ்டி பற்றிக் கேட்பார்கள். நிலத்து விளைச்சலை விற்கும் உழவர் என்ற அளவில் பதிவு தேவையில்லை. ஆனால் 2022 ஜூலையில் இருந்து 25 கிலோ வரை பையில் அடைத்துப் பெயர் ஒட்டிய அரிசி 5 சதவீத வரிக்குள் வந்திருக்கிறது. விற்பனை பெருகும்போதும், பிற மாநிலத்துக்கு அனுப்பும் முன்னும், பெரிய விற்பனைத் தளங்களில் சேரும் முன்னும் ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

யூடியூப் தொடங்கலாமா?

இதையும் நிறைய பேர் கேட்கிறீர்கள். தொடங்கலாம், ஆனால் நாளைக்கே பணம் வரும் என்று இல்லை. விளம்பர வருமானத்தில் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்துக்குள் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருப்பதும் வேண்டும். குறும்படங்கள் என்றால் 90 நாளில் ஒரு கோடிப் பார்வை. அது வந்தபிறகும் எவ்வளவு கிடைக்கும் என்பது நம் கையில் இல்லை. நான் மாதம் ஒரு சின்ன வீடியோ எடுக்கிறேன். நாற்று விடுவது, மீன் அமிலம் கலக்குவது, மில்லில் நெல் அரைபடுவது. விளம்பரத்தில் ஒரு பைசா வந்ததில்லை. ஆனால் அரிசி வாங்குபவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்கிறார். வீடியோவை நான் விளைச்சலாக நினைப்பதில்லை, நல்ல தழையுரமாகத்தான் நினைக்கிறேன். "இத்தனை ஆயிரம் கட்டினால் சந்தாதாரர் ஏற்றித் தருகிறோம்" என்பவனுக்கு மேலே சொன்ன மூன்று கேள்வியைப் போடுங்கள்.

அரிசி தீர்ந்த மாதம்

கடைசியாக ஒன்று. எனக்கு இதுதான் பெரிய பாடம்.

இரண்டாவது வருஷம் ஆவணி மாதமே ஒதுக்கிய நெல் தீர்ந்துவிட்டது. 32 வீடுகள் காத்திருக்கின்றன. சில பேர் பணமே அனுப்பிவிட்டார்கள். எதிர்த் தெருவில் உரம் போட்டு விளைந்த தூயமல்லி மூட்டை மூட்டையாக இருந்தது. பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. "வாங்கி அரைச்சு அனுப்பிட்டா யாருக்குத் தெரியப் போகுது?" என்று ஒருத்தர் சொன்னார். பொய் சொல்லவில்லை, எனக்கும் ஒரு இராத்திரி அந்த யோசனை ஓடியது. அந்த நேரம் பழைய கைமாற்றுக் கடனும் கொஞ்சம் பாக்கி இருந்தது.

காலையில் மனைவியிடம் சொன்னேன். "ஏங்க, உங்களுக்கு லைக் போடச் சொன்னவனுக்கும் நமக்கும் அப்புறம் என்னங்க வித்தியாசம்?" என்றாள். மேலே பேச ஒன்றுமில்லை. பணத்தைத் திருப்பி அனுப்பினோம். "நெல் தீர்ந்துவிட்டது. தை அறுவடைக்குப் பிறகுதான் கிடைக்கும்" என்று எல்லோருக்கும் செய்தி போட்டேன்.

போய்விடுவார்கள் என்று நினைத்தேன். சிலர் போகத்தான் செய்தார்கள். ஆனால் பணத்தைத் திருப்பி அனுப்பியவர்களில் மூன்று பேர் போன் செய்து, "தை மாசத்துக்கு எங்க பேரை இப்பவே எழுதிக்குங்க" என்றார்கள். எங்கள் பிஜிஎஸ் குழுவில் உள்ள இன்னொரு உழவரிடம் மாப்பிள்ளைச் சம்பா இருந்தது. அவர் எண்ணையும் வயல் படத்தையும் அனுப்பி, "இது என் அரிசி இல்லை, அவருடையது, நேராகப் பேசிக்கொள்ளுங்கள்" என்று சொன்னேன். அன்றிலிருந்து இப்படித்தான் நடக்கிறது. இப்போது எங்கள் ஐந்து பேர் பொருளும் ஒரே பட்டியலில் இருக்கிறது. ஒவ்வொரு பையிலும் விளைவித்தவர் பெயர் இருக்கும். பார்சலும் சேர்ந்து போவதால் செலவு குறைந்திருக்கிறது.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே பெரிதாக எதுவும் செய்யவேண்டாம். உங்கள் கைபேசியில் ஏற்கெனவே இருக்கிற பெயர்களைப் பாருங்கள். வெளியூரில் இருக்கிற சொந்தக்காரர், பிள்ளையின் ஆசிரியர், பழைய சிநேகிதர் என்று பத்துப் பேர் தேறுவார்கள். உங்கள் வீட்டில் எது மிச்சம் இருக்கிறதோ அதைக் காலை வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து, என்ன விலை, எப்போது கிடைக்கும் என்று இரண்டு வரி பேசி அனுப்புங்கள். பத்தில் இரண்டு பேர் வாங்கினால் போதும், தொடங்கியாச்சு.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது சாப்பாட்டுத் தூக்கோடு கைபேசியையும் சார்ஜ் போட்டு எடுத்து வாருங்கள். மதியத்துக்குப் பிறகு மர நிழலில் உட்கார்ந்து, பட்டியல் போடுவதையும் பிராட்காஸ்ட் வைப்பதையும் ஒவ்வொருவராகச் செய்து பார்ப்போம். எனக்குச் சொல்லிக்கொடுத்த மகளும் அன்றைக்கு லீவில் வருகிறாள். எந்த லிங்க் வந்திருந்தாலும் அதை அமுக்குவதற்கு முன்னால் அங்கே கொண்டுவந்து காட்டுங்கள்.